நம்ம கையில் பஞ்சு மட்டும்

1994இல் எங்க அத்தை மூன்றாவது முறையாக முழுகாமல் இருந்தது. அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே செத்துப் பிறந்திருந்தன. முனீஸ்வரனுக்குக் கெடா நேர்ந்தார்கள். தாயத்து கட்டினார்கள். காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். தெருக்கிழவிகள் அத்தையைப் 'புள்ளைய முழுங்கறவ' என்று பேசினார்கள். தோல் ஷாப்புகளை ஒட்டிய சேரி எங்களுடையது. அப்போது மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். பிறகு அந்தப் பெயர் போய் வேலூர் மாவட்டம் ஆனது. அது வேறு கதை.

மூன்றாவது பிள்ளைக்கு அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது எங்கம்மா. கூடப் போனவள் நான். எனக்குப் பதினாலு வயசு. அத்தை கையில் ரத்தம் எடுத்தார்கள், எதற்கென்று சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துப் போனபோது அத்தையின் சீட்டில் சிவப்பு மசியில் என்னவோ எழுதி வட்டம் போட்டிருந்தது. நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்: வி.டி.ஆர்.எல். என்னவென்று புரியவில்லை. ஆயாவுக்குப் புரிந்திருந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, 'பொம்பளச் சீக்கு வந்தவ எவடி, தனியா வந்து நில்லு' என்றாள். அந்த வரிசையில் எங்க தெருப் பொம்பளைகள் நாலு பேர் இருந்தார்கள். நாங்கள் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் சேதி சேர்ந்துவிட்டது.

அத்தைக்கு இடுப்பில் ஊசி போட்டார்கள். வாரம் ஒன்றாக மூன்று வாரம். அந்த ஊசியை நான் பழிக்கமாட்டேன். அதனால்தான் மூன்றாவது பிள்ளை உயிரோடு பிறந்தது. ஆனால் லாரியில் கிளீனராக ஓடிக்கொண்டிருந்த மாமாவை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடவில்லை. சேதி அவர் காதுக்கு எட்டியபோது செய்த வைத்தியம், அத்தையைத் தெருவில் போட்டு அடித்தது. நாலாவது முறை முழுகாமல் இருந்தபோது அத்தை ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. 'இன்னொரு தபா அந்த வரிசையில நிக்கறதுக்கு சாவலாம்' என்றது. ஊசி போட்டுக்கொள்ளாத மாமாவிடமிருந்து நோய் திரும்ப வந்திருக்க வேண்டும். நாலாவது பிள்ளை முதல் இரண்டைப் போலவே போனது.

ரத்தம் எடுத்த நாளைப் பற்றிப் பல வருஷம் கழித்து அத்தை சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. 'ரத்தத்த எடுத்து அவங்க வெச்சிக்கினாங்க. காகிதம் அவங்க கையில. நம்ம கையில பஞ்சு மட்டும்தான்.'

ஊசி குத்திய இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளக் கொடுக்கிற பஞ்சு. ஒடுக்கப்பட்டவர்களின் ரத்தம் சோதிக்கப்பட்ட வரலாற்றை இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே படித்துவிட முடியும் என்று தோன்றுகிறது. படித்துப் பார்க்கிறேன்.

*

முதலில் அந்தப் பெயர். பொம்பளச் சீக்கு. சித்த வைத்தியர்கள் மேகநோய், கிரந்தி, வெட்டை என்றெல்லாம் சொன்னார்கள். தெரு மட்டும் பொம்பளச் சீக்கு என்றது. ஆம்பளைக்கு வருகிற நோய்க்கும் அதுதான் பெயர். ஒருத்தனுக்கு வந்தால் அவன் 'வாங்கிக்கொண்டு வந்தவன்', கொடுத்தவள் ஒரு பொம்பளை. தெரு தானாகவே இப்படிச் சொன்னதா, சர்க்கார் சொல்லிக் கொடுத்ததா?

வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு மேகநோய் பரவியபோது சோதிக்கப்பட்டவர்கள் சிப்பாய்கள் இல்லை. அந்தச் சோதனை ஆண்களின் மானத்தைக் கெடுக்கிறது என்று பிரிட்டிஷ் ராணுவம் 1859இல் அதைக் கைவிட்டது. பெண்களின் மானம் பற்றி அப்படி யாருக்கும் கவலை இருக்கவில்லை. 1864இல் கன்டோன்மென்ட் சட்டம், 1868இல் தொற்றுநோய்ச் சட்டம். பாளையங்களை ஒட்டி வாழ்ந்த பெண்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், சீட்டு வாங்க வேண்டும், குறித்த நாளில் போய்ப் படுத்துக் காட்ட வேண்டும். நோய் இருந்தால் பூட்டு ஆஸ்பத்திரியில் அடைப்பார்கள். லாக் ஆஸ்பத்திரி என்று அதற்குப் பெயர். பரங்கிமலையில் இருந்தது, திருச்சியில் இருந்தது, வெலிங்டனில் இருந்தது. புல் அறுத்து விற்கிறவள், கல் சுமக்கிறவள் எல்லாரும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். வேலைக்கு வெளியே போகிற பொம்பளை என்றாலே அப்படித்தான் என்ற கணக்கு. வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட வசதியில்லாத சாதிகளின் பெண்கள் மேல்தான் அந்தக் கணக்கு விழும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தமானது. தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, ஜனங்கள் தெருவில் விழுந்து செத்துக்கொண்டிருந்தபோது, மெட்ராஸ் மாகாணத்தில் பெண்கள் தாங்களாகவே போய்ப் பெயர் கொடுத்து லாக் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். உள்ளே சோறு கிடைத்தது. அடைப்பதற்குக் கட்டிய ஆஸ்பத்திரியைச் சோத்துக்காகக் கொள்ளையடித்த அந்தப் பெண்களை எந்த மகளிர் வரலாற்றிலும் முதல் அத்தியாயத்தில் வைப்பேன். சட்டம் 1888இல் ரத்தானது. பெயர் ரத்தாகவில்லை. நூறு வருஷம் கழித்து ஆயா வாயில் அதே பெயர்.

*

அமெரிக்கத் தென்பகுதியில், அலபாமா மாநிலம் மேக்கன் கவுன்ட்டியில், அதற்கு வேறு பெயர். கெட்ட ரத்தம். கறுப்பின மக்கள் ரத்தசோகையையும் அப்படிச் சொல்வார்கள், அசதியையும் அப்படித்தான், கிரந்தியையும் அப்படித்தான். பருத்திக்காட்டில் வாரத்துக்கு உழுத ஜனங்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அறுபது எழுபது வருஷம் ஆகியும் கடனில் கட்டுண்டு கிடந்தவர்கள். நம்ம ஊர்ப் பண்ணையாள் கதைதான், நிறம் மட்டும் வேறு.

1932இல் அங்கே அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரத் துறை டாக்டர்கள் வந்து இறங்கினார்கள். கெட்ட ரத்தத்துக்கு இலவச வைத்தியம் என்றார்கள். ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களைச் சேர்த்தார்கள். அதில் 399 பேருக்குக் கிரந்தி, 201 பேருக்கு இல்லை. வைத்தியம் செய்யாமல் விட்டால் இந்த நோய் ஒரு மனித உடலைச் சாகும்வரை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். அதை அவர்களிடம் சொல்லவில்லை. உங்களுக்கு இருப்பது கிரந்தி, மனைவிக்கும் வரும், பிள்ளைக்கும் வரும் என்றும் சொல்லவில்லை. முதுகுத்தண்டில் ஊசி இறக்கி நீர் எடுத்ததைக்கூட விசேஷ இலவச சிகிச்சை என்று கடிதம் போட்டு அழைத்துத்தான் செய்தார்கள். ஆறேழு மாதம் என்று ஆரம்பித்தது நாற்பது வருஷம் நடந்தது. 1940களின் நடுவில் பென்சிலின் இந்த நோய்க்கு மருந்தென்று உறுதியாகி ஊரெல்லாம் கிடைத்தது. இவர்களுக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப்போருக்கு ஆள் எடுத்தபோது பட்டாளத்து ரத்தச் சோதனையில் இவர்கள் பிடிபட்டு வைத்தியம் கிடைத்துவிடுமே என்று, இவர்கள் பெயரைப் பட்டியல் போட்டுக் கொடுத்து விலக்கு வாங்கினார்கள்.

இவ்வளவையும் துப்பாக்கி வைத்துச் செய்யவில்லை. எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது இதுதான். நாற்பது வருஷம் எப்படி அத்தனை பேர் தொடர்ந்து வந்தார்கள்? உறவை வைத்து. சர்ச்சில் பிரசங்கம் முடிந்ததும் பாதிரியார் அறிவித்தார். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பண்ணைக்காரன் ஆளை அனுப்பினான். டஸ்கீகியில் இருந்த கறுப்பின மக்களின் சொந்தக் கல்வி நிறுவனம், புக்கர் வாஷிங்டன் 1881இல் தொடங்கியது, தன் ஆஸ்பத்திரியைத் திறந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேல் யூனிஸ் ரிவர்ஸ் என்ற நர்ஸ். கறுப்பினப் பெண், அந்த மண்ணிலேயே படித்து நர்ஸானவர். வீடு வீடாகப் போவார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அரசாங்கக் காரில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போவார். மழையில் வண்டி சேற்றில் மாட்டினால் அவர்களே இறங்கித் தள்ளுவார்கள். சூடான சாப்பாடு உண்டு. செத்தால் அடக்கத்துக்கு 50 டாலர் உண்டு, பிணத்தை அறுத்துப் பார்க்க வீட்டார் சம்மதித்தால். சொந்தக் காசில் கௌரவமாக அடக்கம் செய்ய முடியாதவனுக்கு அந்த 50 டாலர் என்ன என்பது சேரியில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ரிவர்ஸ் அக்காவின் சங்கம் என்கிற மாதிரி ஒரு பெயரே அந்தக் கூட்டத்துக்கு இருந்தது. 1958இல் 25 வருஷம் நிறைவடைந்ததற்குச் சான்றிதழும் வருஷத்துக்கு ஒரு டாலர் வீதம் 25 டாலரும் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினவர்கள் இருந்திருப்பார்கள்.

ரிவர்ஸை நான் எப்படி நினைப்பது? வெள்ளை டாக்டர்களைத் திட்டிவிட்டுப் போய்விடலாம், சுலபம். இந்த அம்மாளை அப்படித் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காரணம் உண்டு. 2001இலிருந்து சில வருஷம் நானும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தேன். பெயர் வேண்டாம். நெடுஞ்சாலை ஓரத்துச் சேரிகள் என் பகுதி. சுவரெல்லாம் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்த காலம். மாதத்துக்கு இத்தனை பேரைச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எண்ணிக்கை இருந்தது. நான் எப்படிக் கொண்டுபோனேன்? 'வா சித்தி, நான் இல்ல கூட', 'அண்ணி, எனக்காக ஒரு தபா'. அவர்கள் நம்பியது நிறுவனத்தை இல்லை, என் அப்பன் பேரை, என் தெருவை. நான் நல்லது செய்கிறேன் என்றுதான் நம்பினேன். ரிவர்ஸும் அப்படித்தான் நம்பியிருப்பார்.

ஒருநாள் ஒரு சித்தி கேட்டது, 'போன வருஷம் ரத்தம் எடுத்தாங்களே, அது இன்னா ஆச்சி?' அலுவலகத்தில் விசாரித்தேன். அது கணக்கெடுப்புக்கு எடுத்தது, அதில் பெயர் கிடையாது, முடிவு யாருக்கும் போகாது என்றார்கள். 1998 முதல் நாடு முழுக்க வருஷா வருஷம் எச்.ஐ.வி. கண்காணிப்பு நடந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் வி.டி.ஆர்.எல். சோதனைக்கு எடுத்த ரத்தத்தில் மீந்ததைப் பெயரை நீக்கிவிட்டுச் சோதிப்பார்கள். எத்தனை சதவீதம் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். எவள் என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட முறைதான் அது, ரகசியத்தைக் காப்பதற்கென்றே ஏற்பட்டது. டஸ்கீகியோடு அதை ஒன்றாக வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. சித்தியிடம் 'எல்லாம் சரியா கீது' என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்க்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. இதை எழுதுவது ஒருவேளை அதற்காகவும் இருக்கலாம்.

டஸ்கீகி வெளியே வந்தது 1972 ஜூலையில். சுகாதாரத் துறையிலேயே வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் என்பவர் 1966 முதல் எதிர்த்து எழுதிப் பார்த்தார். கேட்பாரில்லை. கடைசியில் சேதி ஜீன் ஹெல்லர் என்ற பத்திரிகையாளர் கைக்குப் போய் அச்சானது. அதற்குள் 28 பேர் கிரந்தியாலேயே செத்திருந்தார்கள், அதன் கூடச் சேர்ந்த உபாதைகளால் நூறு பேர், மனைவிமார் 40 பேருக்கு நோய், 19 பிள்ளைகள் நோயோடு பிறந்தன என்று வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ரோசா பார்க்ஸுக்காக வழக்காடிய ஃபிரெட் கிரே இவர்களுக்காகவும் வழக்காடி 1974இல் ஒரு கோடி டாலர் வாங்கிக் கொடுத்தார். ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டது 1997 மே 16இல். உயிரோடு மிஞ்சியிருந்தவர்கள் அப்போது எட்டே பேர்.

மன்னிப்பு கேட்டால் பயம் போய்விடுமா? சேதி வெளியான பிறகு கறுப்பின ஆண்கள் டாக்டரிடம் போவது குறைந்தது, அதனால் 45 வயதில் அவர்களுடைய மிச்ச ஆயுள் ஒன்றரை வருஷம்வரை குறைந்தது என்று 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. எங்க அத்தையின் நாலாவது பிள்ளையை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கப்போவதில்லை. ஆனால் அந்தக் கணக்கின் பொருள் எனக்குப் புரிகிறது.

அதே 1972இல்தான் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் உருவானது. அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதே வருஷம் நாம்தேவ் தசாலின் 'கோல்பீடா' வந்தது. காமாட்டிபுராவை ஒட்டிய தெருக்களை, அங்கே உடம்பை விற்றுப் பிழைத்தவர்களை அது மராத்திக் கவிதைக்குள் கொண்டுவந்தது. தசாலின் பிற்கால அரசியல் மேல் எனக்கு மரியாதை இல்லை. அந்தப் புத்தகத்தின் மேல் உண்டு.

*

காமாட்டிபுராவுக்கும் நமக்கும் சம்பந்தம் உண்டு. 1990இல் அங்கிருந்த தமிழ்ப் பெண்களை நூற்றுக்கணக்கில் 'மீட்டு' ஒரு ரயிலில் ஏற்றித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முக்தி எக்ஸ்பிரஸ் என்று அதற்குப் பேர் வைத்தார்கள். முக்தி! வந்தவர்களுக்குக் கிடைத்தது காப்பகமும் ரத்தச் சோதனையும்.

அதற்கு நாலு வருஷம் முன்னால், 1986இல், இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்தது. கையுறைகூட இல்லாமல், ரத்தக் குப்பிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பாதுகாத்து, ராத்திரி ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஆறு பெண்களுடைய ரத்தத்தில் கிருமி இருந்தது. அறிவியல் வரலாற்றில் அது பெரிய காரியம், மறுக்க மாட்டேன். பின்னால் சுனிதி சாலமன் பல்லாயிரம் நோயாளிகளை மனுஷராக நடத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ரத்தம் யாருடையது? போலீஸ் பிடித்துக் காப்பகத்தில் அடைத்திருந்த பெண்களுடையது. எதற்கு எடுக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை என்று நிர்மலாவே பிற்காலத்துப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். சட்டசபையில் அமைச்சர் அறிவித்தார், பேப்பரில் வந்தது, உலகத்துக்கே தெரிந்தது. அந்தப் பெண்களுக்குக் கடைசியாகத்தான் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு, தண்டனைக் காலம் முடிந்தும் ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்களைக் காப்பகத்திலேயே வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், 1990இல், விடுதலை. கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞர் ரத்ததானம் செய்யப்போய்ச் சிக்கினார். 1989இல் அவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய்ப் பழைய காசநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் 64 நாள் தனியே அடைத்தது. மாநிலச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. பூட்டு ஆஸ்பத்திரி நூறு வருஷம் கழித்தும் பூட்டோடுதான் இருந்தது. சம்மதம் கேட்காமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியிடக் கூடாது என்று இந்த நாட்டில் தனிச் சட்டம் வர 2017 ஆனது. அமலுக்கு வந்தது 2018 செப்டம்பரில்.

*

இனி அத்தையின் பஞ்சுக்கு வருகிறேன்.

சோதனையை டாக்டர் கையிலிருந்து ஜனங்கள் கைக்குக் கொடுக்கலாமா என்ற சண்டை முதலில் கர்ப்பப் பரிசோதனையில்தான் வந்தது. 1967இல் அமெரிக்காவில் மார்கரெட் கிரேன் என்ற பெண், மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி வடிவமைக்க வந்தவர், பெண்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு சின்னப் பெட்டியைச் செய்து காட்டினார். கம்பெனி ஆண்கள் சிரித்தார்கள். அங்கே கடைக்கு வரப் பத்து வருஷம் ஆனது. இன்று நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் பேப்பரில் சுற்றிக் கொடுக்கிற அந்த அட்டை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எச்.ஐ.வி.க்கு வந்தபோது எதிர்ப்பு இன்னும் பலமாக இருந்தது. தனியாக முடிவைப் பார்த்தால் தூக்குப் போட்டுக்கொள்வார்கள் என்றார்கள். டாக்டர்கள் மட்டும் இல்லை, எய்ட்ஸ் இயக்கத்துக்காரர்களும் சிலர் சொன்னார்கள். வீட்டில் எடுத்த ரத்தத் துளியைத் தபாலில் அனுப்பும் முறைக்கு அமெரிக்காவில் 1996இல் அனுமதி கிடைத்தது. வீட்டிலேயே முடிவு தெரிகிற முறைக்கு 2012இல்தான். ஈறில் ஒரு குச்சியைத் தடவி மருந்து நீரில் நிறுத்தினால் இருபது நிமிஷத்தில் தெரியும். ஒரு கோடு என்றால் இல்லை. இரண்டு கோடு என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கிரந்திக்கு வீட்டிலேயே பார்க்கிற சோதனையை அமெரிக்கா அனுமதித்தது 2024இல். வாசர்மன் ரத்தச் சோதனை வந்தது 1906இல். இடைவெளி 118 வருஷம். வெட்டைக்கும் கிளமிடியாவுக்கும் பெண்கள் தாங்களே பஞ்சுக்குச்சியில் எடுத்துத் தபாலில் அனுப்புகிற திட்டத்தை பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்காரர்கள் 2004இல் ஆரம்பித்தார்கள். டாக்டர் முன்னால் காலை விரித்துப் படுக்க வேண்டியதில்லை, அவ்வளவே விஷயம். 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்ச் செல்களை அவரைக் கேட்காமல் எடுத்து வைத்துக்கொண்டதும் இதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ்தான்.

எனக்கு முக்கியமாகப் பட்டது கென்யாவில் நடந்தது. விக்டோரியா ஏரிக்கரையில் கிசுமு என்ற ஊர். 2015இல் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்கள் 600 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு. பாதிப்பேருக்கு, புருஷனைச் சோதனைக்கு அழைத்து வாருங்கள் என்று கடிதம். இதுதான் வழக்கமான முறை. மறுபாதிக்கு ஆளுக்கு இரண்டு சோதனைப் பொட்டலம். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ, உன் இஷ்டம். மூன்று மாதத்தில் கடிதம் வாங்கியவர்களின் துணைகளில் 52 சதவீதம் பேர் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பொட்டலம் வாங்கியவர்களின் துணைகளில் 91 சதவீதம்.

இதைப் படித்தபோது எங்க மாமாவை நினைத்தேன். மாமா எந்த வரிசையிலும் நின்றிருக்க மாட்டார். வீட்டில், விளக்கை அணைக்கும் முன், அத்தை ஒரு பொட்டலத்தை எடுத்து 'நானும் பாக்கறேன், நீயும் பாரு' என்று சொல்லியிருந்தால்? தெரியாது. அடித்திருக்கவும் கூடும். ஆனால் ஆயா கத்தி ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு அடித்த அடிக்கும் இதற்கும் வித்தியாசம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வழியை இப்போது பல நாடுகளில் விரித்திருக்கிறார்கள். உகாண்டாவில் மீன்பிடிக் குப்பங்களில் அவர்களுக்குள்ளேயே ஒருத்தன் தன் கூட்டாளிகளுக்குப் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். சீனத்தில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள், வெளியே தலைகாட்ட முடியாதவர்கள், தங்கள் நண்பர்களுக்குக் கொடுக்கிறார்கள். வாங்கியவன் இன்னொருத்தனுக்கு. 2019இல் உலகச் சுகாதார நிறுவனமே, ஒதுக்கப்பட்ட மக்களிடையே அவரவர் உறவு நட்பு வழியாகச் சோதனையைக் கொண்டுபோகும் முறையை ஏற்றுப் பரிந்துரைத்தது. நம்ம நாட்டில் இதன் விதை பழையது. கல்கத்தா சோனாகாச்சியில் 1992 முதல் பாலியல் தொழிலாளிகளே தங்கள் தெருவில் சுகாதார வேலையைக் கையில் எடுத்தார்கள். கட்டாயச் சோதனையை எதிர்த்துச் சங்கமாகவே நின்றார்கள்.

டஸ்கீகியிலும் உறவுதான் வேலை செய்தது, கிசுமுவிலும் உறவுதான். டஸ்கீகியில் உறவு ஆளை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது, முடிவு டாக்டரிடம் தங்கியது. கிசுமுவில் உறவு பொட்டலத்தை ஆளிடம் கொண்டுவந்து சேர்க்கிறது, முடிவு ஆளிடம் தங்குகிறது. நான் களப்பணியில் இருந்தபோது 'வா சித்தி' என்று கூப்பிட்டதற்குப் பதிலாக 'இந்தா சித்தி' என்று கொடுத்திருந்தால் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டி வந்திருக்காது.

எனக்குச் சந்தேகங்கள் இல்லாமல் இல்லை. கிசுமுவிலும் பெண்தான் தூக்கிக்கொண்டு போகிறாள். புருஷனைச் சோதிக்கிற சுமையும் அவள் தலையில்தான். பொட்டலம் பண்ணைக்காரன் கையில், ஏஜென்ட் கையில், தோல் ஷாப்பு முதலாளி கையில் இருந்தால் என்ன ஆகும்? வேலைக்குச் சேர வந்த பெண்ணிடம் 'இங்கேயே பார்த்துக் காட்டு' என்பான். அப்போது வீட்டுச் சோதனை என்பது ஆயா இல்லாத லாக் ஆஸ்பத்திரி ஆகிவிடும். விலையும் இருக்கிறது. 2012இல் அமெரிக்காவில் ஒன்று ஏறத்தாழ 40 டாலருக்கு விற்றது.

இன்னொன்று மருந்து. கிரந்தியின் தொடக்கநிலைக்கு 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின், ஒரே வேளை ஊசி. பழைய, மலிவான மருந்து. மலிவானதால்தான் தயாரிக்கக் கம்பெனிகளுக்கு ஆசையில்லை. 2014 தொடங்கிச் சில வருஷம் பல நாடுகளில் அது கிடைக்காமல் போனது. 2023இல் அமெரிக்காவிலேயே தட்டுப்பாடு. டஸ்கீகியில் டாக்டருக்குத் தெரியும், மருந்தும் இருந்தது, நோயாளிக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட நோயாளிக்கு மருந்து இல்லாமல் போனால் அதை எந்தப் பேர் சொல்லி அழைப்பது?

*

2021இல் கொரோனாவுக்கு வீட்டிலேயே சோதிக்கிற பொட்டலம் மெடிக்கல் ஷாப்புக்கு வந்தது. 250 ரூபாய். எங்க வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல். அத்தைதான் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் மூக்கில் விட்டு எடுத்தது. படிக்கத் தெரியாது, ஆனால் கோடு எண்ணத் தெரியும். தனக்கும் பார்த்துக்கொண்டது. ஒரு கோடு. அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தது.

'இந்த மாதிரி அதுக்கும் கீதா?' என்றது.

எதற்கென்று நான் கேட்கவில்லை. மாமா செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. வேறு வேறு நாட்டில் வந்திருக்கிறது, எய்ட்ஸுக்கு, இன்னும் சிலதுக்கு என்று சொன்னேன். கிசுமுப் பெண்களைப் பற்றியும் சொன்னேன். ஆளுக்கு ரெண்டு கொடுத்தார்கள் என்றதும் சிரித்தது. பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது:

'ரெண்டு கோடு வந்துச்சின்னா ஊசி எங்க போடுவாங்க? அதே ஆஸ்பத்திரிலதானா?'

ஆமாம் என்றேன்.

'அந்த வரிச இப்ப எப்டி கீதாம்? ஒருநாளு போயி பாத்துட்டு வந்து சொல்லு.'

இன்னும் நான் போகவில்லை. கட்டுரையை அனுப்பிவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன்.